முறைத்துப் பார்த்தால் மனசு தெரிந்துவிடுமா?

வாசகர் கேள்வி - பதில்

(மனித நடத்தையை எப்படிக் கவனிக்கிறார்கள், எப்படி அலசுகிறார்கள் என்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, கல்லூரியில் உளவியல் ஆய்வு முறைகள் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற பேராசிரியை பதில் அளிக்கிறார்.)

முதுகலை உளவியல் படிக்கிறேன் மேடம். மழலையர் வகுப்பில் குழந்தைகள் எப்படிச் சண்டை போடுகிறார்கள் என்பதுதான் என் ப்ராஜெக்ட். ஒரு வாரம் உட்கார்ந்து நோட்டு நிறைய எழுதினேன். கைடு இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "இது டேட்டா இல்லை, கதை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த முதல் பக்கத்தை இணைத்திருக்கிறேன். என்ன தப்பு?

படித்தேன். "சிவப்புச் சட்டைக்காரனுக்குக் கோபம் வந்தது. பொறாமையில் பக்கத்தில் இருந்தவனைத் தள்ளினான். அதைப் பார்த்த பெண் குழந்தை பயந்துபோய் ஒதுங்கினாள்." நன்றாக எழுதுகிறீர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் கோபத்தையும் பொறாமையையும் பயத்தையும் எங்கே பார்த்தீர்கள்? சிவப்புச் சட்டைப் பையன் கையை நீட்டினான். கை பக்கத்துப் பையனின் தோளில் பட்டது. அவன் ஓரடி பின்னால் போனான். ஒரு பெண் குழந்தை எழுந்து ஜன்னல் பக்கம் நடந்தாள். கண்ணால் பார்த்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் உங்கள் கைங்கரியம். அவள் ஜன்னல் பக்கம் போனது வெளியே ஒரு பறவை வந்ததால்கூட இருக்கலாம்.

அதற்காக நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆரம்பத்தில் இப்படித் தாராளமாக எழுதிப் பார்த்தால்தான் எதை எண்ணுவது என்பதே பிடிபடும். அடுத்த வேலை, 'சண்டை' என்ற ஒற்றைச் சொல்லை உடைப்பது: தள்ளுதல், அடித்தல், பிடுங்குதல், கத்துதல். ஒவ்வொன்றுக்கும் வரையறை எழுதுங்கள். தள்ளுதல் என்றால், ஒரு குழந்தையின் கையோ உடலோ இன்னொரு குழந்தையின் மேல் பட்டு, பட்ட குழந்தையின் பாதம் நின்ற இடத்தைவிட்டு நகர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எழுதிய கையோடு கேள்விகள் கிளம்பும். ஓடி வந்து மோதினால்? வரிசையில் பின்னால் நிற்பவன் இடித்த வேகத்தில் நடுவில் நிற்பவன் முன்னால் இருப்பவன் மேல் விழுந்தால், அது யார் கணக்கு? இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே தள்ளினால்? இதற்கெல்லாம் வகுப்புக்குள் போவதற்கு முன்பே முடிவெடுத்துத் தாளில் எழுதிவிட வேண்டும். உள்ளே உட்கார்ந்துகொண்டு முடிவெடுத்தால், உங்களுக்குப் பிடித்த குழந்தை தள்ளியது விளையாட்டாகிவிடும், பிடிக்காத குழந்தை தள்ளியது சண்டையாகிவிடும்.

அப்புறம், யாரை எப்போது பார்ப்பது? கண்ணில் பட்டதையெல்லாம் குறித்தால் சத்தம் போடுகிறவர்கள்தான் நோட்டு முழுக்க இருப்பார்கள். மூலையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தை அந்த வகுப்பில் இல்லவே இல்லை என்பதுபோல் ஆகிவிடும். பபூன் குரங்குகளை ஆராய்ந்த ஜீன் ஆல்ட்மன் 1974-ல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையை மனித நடத்தை ஆய்வாளர்களும் இன்றுவரை புரட்டுகிறார்கள். ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து, வைத்த நேரம் முடியும்வரை, பக்கத்தில் என்ன அமளி நடந்தாலும், அந்தக் குழந்தையை மட்டும் பார்ப்பது அவர் அலசிய முறைகளில் ஒன்று. அவருக்கு வெகு காலம் முன்பே, 1932-ல், மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு குழந்தைக்கு ஒரு நிமிடம் என்று முறை வைத்துப் பார்த்தார். குழந்தைகள் தனியாக விளையாடுகிறார்களா, அருகருகே இருந்தும் அவரவர் பாட்டில் விளையாடுகிறார்களா, சேர்ந்து விளையாடுகிறார்களா என்ற வகைப்பாடு அப்படி வந்ததுதான்.

உங்கள் தலைப்புக்கு மிக நெருக்கமானது ஆல்பர்ட் பண்டூராவின் 1961 ஆய்வு. பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடித்து உதைப்பதைச் சில குழந்தைகள் பார்த்தார்கள், சிலர் பார்க்கவில்லை. பிறகு ஒவ்வொரு குழந்தையும் 20 நிமிடம் ஓர் அறையில் விளையாடியது. மொத்தம் 72 குழந்தைகள். பாடப் புத்தகங்களில் பொம்மையை உதைக்கும் படத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்குப் பிடித்த விஷயம் வேறு. ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்கள் அந்த 20 நிமிடத்தை ஐந்து ஐந்து விநாடியாகப் பிரித்தார்கள். ஒரு குழந்தைக்கு 240 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நடந்தது என்று ஒரு குறி. அந்த ஆய்வின் பலமே அந்தக் கட்டங்கள்தான்.

கடைசியாக ஒன்று. தனியாகப் போகாதீர்கள். உங்கள் கருதுகோள் என்னவென்று தெரியாத ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு பேரும் ஒரே நேரம், ஒரே குழந்தை, தனித்தனித் தாள். பிறகு ஒப்பிடுங்கள். 100 கட்டத்தில் 88-ல் இரண்டு பேரும் ஒரே குறி போட்டிருந்தால் துள்ளிக் குதிக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ஆளுக்கு 10 கட்டத்தில்தான் 'தள்ளுதல்' போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். மீதி 90-ல் ஒன்றும் நடக்கவில்லை என்று விட்டிருக்கிறீர்கள். இருவரும் அதே பத்துக் குறியைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தாலே சராசரியாக 82 கட்டம் ஒத்துப்போயிருக்கும்: இருவரும் 'தள்ளுதல்' போட்டது 1, இருவரும் ஒன்றும் போடாதது 81. அதாவது தற்செயலைத் தாண்டிச் சம்பாதிக்க இருந்தது 18, நீங்கள் சம்பாதித்தது 6. ஆறைப் பதினெட்டால் வகுத்தால் 0.33. ஜேக்கப் கோகென் 1960-ல் கொடுத்த 'கப்பா' எண் இதுதான். 88 சதவீதம் என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) பெருமையாகச் சொல்லிவிட்டு, கப்பா எவ்வளவு என்ற கேள்விக்கு விழித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 0.33 வந்தால் வரையறையைத் திருத்திவிட்டு மறுபடி போக வேண்டும். எந்தக் கட்டத்தில் முரண்பட்டீர்கள் என்று உட்கார்ந்து பேசினால், பத்துக்கு எட்டு தடவை அந்த "சிரித்துக்கொண்டே தள்ளினால்?" மாதிரி ஏதாவது ஒன்றுதான் குற்றவாளியாக இருக்கும்.

உளவியல் படித்தவர்கள் ஒருவரின் கண்ணையும் கையையும் பார்த்தே பொய் சொல்கிறாரா என்று கண்டுபிடித்துவிடுவார்களாமே?

கண்டுபிடிக்க முடிந்திருந்தால் மாணவர்கள் விடுப்புக் கடிதம் கொடுக்கும்போது எனக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்! சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2006-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பார்த்துத் தீர்ப்பு சொன்னவர்கள் மொத்தம் 24,000 பேருக்கு மேல். உண்மையா பொய்யா என்று சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். தொழிலே இதுதான் என்று இருப்பவர்களும் பெரிதாக வித்தியாசப்படவில்லை. உடல்மொழியை வைத்து மனத்தைப் படிக்கக் கற்றுத்தருகிறேன் என்று யாராவது கட்டணம் கேட்டால் இந்த 54-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் யாரும் இயல்பாக இருக்க மாட்டார்களே. அப்புறம் எப்படி அதை ஆய்வு என்கிறீர்கள்?

நியாயமான கேள்வி. இதற்கு வழக்கமாகச் சொல்லும் உதாரணம் சிகாகோ அருகே இருந்த ஹாதார்ன் தொழிற்சாலை. 1924-ல் அங்கே வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று பார்க்க ஆரம்பித்தார்கள். கூட்டினாலும் உற்பத்தி கூடியது, குறைத்தாலும் கூடியது, ஆகவே வெளிச்சம் காரணமில்லை, தங்களைக் கவனிக்கிறார்கள் என்ற நினைப்புதான் காரணம் என்று கதை போகும். நானும் வகுப்பில் இதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். ஆனால் அடுத்த வகுப்பில் மீதியையும் சொல்வேன். தொலைந்துபோனதாக நினைத்த அந்த மூலத் தரவுகளைத் தேடி எடுத்து, ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2011-ல் மறுபடி அலசினார்கள். கதையில் வருகிற அந்த அதிசயம் தரவில் தென்படவில்லை. விளக்குகளை மாற்றியது ஞாயிற்றுக்கிழமை, ஆலை மூடியிருக்கும் நாளில். சனிக்கிழமை உற்பத்தியோடு திங்கட்கிழமை உற்பத்தியை ஒப்பிட்டால் திங்கள் கூடுதலாக இருக்கிறது. விளக்கை மாற்றாத வாரங்களிலும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

இதனால் பார்ப்பது பாதிக்காது என்று ஆகிவிடாது. எவ்வளவு பாதிக்கும் என்பதை ஒவ்வோர் இடத்திலும் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். நடைமுறையில் செய்வது இரண்டு மூன்று விஷயம். முதல் சில அமர்வுகளைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது ஒன்று. புது ஆளைப் பார்த்ததும் குழந்தைகள் மடியில் ஏறி நோட்டைப் பிடுங்கும், அப்புறம் அலுத்துப்போய்ப் போய்விடும். பெரியவர்கள் கொஞ்சம் அதிக நாள் நடிப்பார்கள், ஆனால் அவர்களுக்கும் வேலை இருக்கிறது. இன்னொன்று ஒருவழிக் கண்ணாடி. பார்க்கிறவர் பக்கம் இருட்டாக இருந்தால்தான் அது வேலை செய்யும். எங்கள் துறை அறையில் யாராவது ஒரு மாணவர் நேரம் பார்க்க மொபைலை எடுப்பார். அந்த வெளிச்சத்தில் எதிர்ப்பக்கம் இருக்கும் குழந்தைகளுக்கு ஓர் ஆள் முகம் மிதப்பது தெரியும். அவ்வளவுதான், எல்லாம் ஓடி வந்து கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கும். அன்றைய அமர்வு போச்சு.

ஆட்களையே பார்க்காமல் அவர்கள் விட்டுப்போன தடத்தைப் பார்ப்பதும் ஒரு வழி. எனக்கு மிகவும் பிடித்த வழி. சிகாகோ அறிவியல் அருங்காட்சியகத்தில் எந்தக் காட்சிக்குக் கூட்டம் அதிகம் என்பதைத் தரை காட்டிக்கொடுத்தது. முட்டையிலிருந்து குஞ்சு பொரியும் காட்சியைச் சுற்றியிருந்த தரை ஓடுகள் ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய அளவுக்குத் தேய்ந்தன. வேறு இடங்களில் வருடக்கணக்கில் அப்படியே கிடந்தன. பார்வையாளர்களிடம் வினாநிரல் நீட்டியிருந்தால் எத்தனை பேர் கோழிக்குஞ்சு என்று எழுதியிருப்பார்கள்? பாதிப் பேராவது விண்வெளி, அணுசக்தி என்று கௌரவமாக ஏதாவது எழுதியிருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

எங்கள் நிறுவனத்தில் வருடா வருடம் சர்வே எடுக்கிறார்கள். "மகிழ்ச்சியாக இருக்கிறேன்" என்று எல்லோரும் போடுகிறோம். யாரும் மகிழ்ச்சியாக இல்லை. சர்வே என்ற முறையே தண்டமா?

உங்கள் பெயரைப் படிவத்தில் எழுதச் சொல்கிறார்களா என்று தெரியவில்லை. எழுதச் சொன்னால் அது சர்வே இல்லை, விசுவாசப் பரீட்சை.

சொல்வதும் செய்வதும் வேறு வேறாக இருக்கும் என்பதற்கு ரிச்சர்ட் லாப்பியர் 1934-ல் வெளியிட்ட ஆய்வு உண்டு. அமெரிக்காவில் சீனர்கள் மேல் வெறுப்பு பரவலாக இருந்த காலம். ஓர் இளம் சீனத் தம்பதியுடன் அவர் நாடு முழுக்கப் பயணம் செய்தார். 251 விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் போனார்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் இடமில்லை என்றார்கள். சில மாதம் கழித்து அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, "சீன இனத்தவரை அனுமதிப்பீர்களா?" என்று கேட்டார். பதில் போட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மாட்டோம் என்றார்கள். வாசலில் வந்து நின்ற மனிதர்களை உள்ளே விட்டவர்கள், காகிதத்தில் கேட்டபோது கதவைச் சாத்தினார்கள். வரவேற்றவரும் கடிதம் எழுதியவரும் ஒரே ஆள்தானா என்ற விமரிசனம் உண்டு, அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேள்வியின் வடிவமும் பதிலை மாற்றும். நார்பர்ட் ஷ்வார்ஸ் குழுவினர் 1991-ல் வெளியிட்ட ஆய்வு இது. வாழ்க்கையில் எவ்வளவு வெற்றி பெற்றிருக்கிறீர்கள் என்று ஜெர்மனியில் ஒரே கேள்வியை இரண்டு விதமாகக் கேட்டார்கள். ஒரு பிரிவினருக்கு அளவுகோல் 0 முதல் 10 வரை. இன்னொரு பிரிவினருக்கு மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை. இரண்டிலும் பதினொரு புள்ளிதான். முதல் அளவுகோலில் கீழ்ப்பாதியைத் தேர்ந்தவர்கள் 34 சதவீதம், இரண்டாவதில் 13 சதவீதம். மைனஸ் என்று பார்த்ததும் "நான் தோற்றுப்போனவனா?" என்று கை பின்வாங்கியிருக்கிறது. 0 என்பது வெற்றி கிடைக்கவில்லை என்பதோடு நின்றுவிடுகிறது.

சர்வே தண்டம் இல்லை. ஒருவர் என்ன நினைக்கிறார் என்று தெரிய அவரைத்தான் கேட்டாக வேண்டும். என்ன செய்கிறார், எத்தனை முறை செய்கிறார் என்று தெரிய வேண்டுமானால் வேறு வழி தேடலாம். பெண்கள்தான் வாயாடிகள் என்று ஊர் உலகமெல்லாம் சொல்லுமே, அதை மத்தியாஸ் மெல் என்பவரின் குழு கேட்டு அறியவில்லை, ஒலிப்பதிவு செய்து பார்த்தது. கல்லூரி மாணவர்கள் 396 பேர் ஒரு சின்னக் கருவியை நாள் முழுக்க வைத்துக்கொண்டார்கள். 12.5 நிமிடத்துக்கு ஒருமுறை 30 விநாடி அது தானாகப் பதிவு செய்யும். எப்போது பதிவாகிறது என்று வைத்திருப்பவருக்குத் தெரியாது. 2007-ல் வந்த முடிவு: பெண்கள் ஒரு நாளைக்குச் சுமார் 16,200 சொல், ஆண்கள் சுமார் 15,700. புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை. பிற்பாடு இன்னும் பெரிய அளவில் நடந்த ஆய்வில் நடுவயதினரிடம் மட்டும் பெண்கள் கூடுதலாகப் பேசியது தெரிந்தது. ஆனால் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தின் முன்னால் அது ஒன்றுமே இல்லை.

நான் பள்ளி ஆசிரியை. ஒரு மாணவன் வகுப்பில் அடங்கவே மாட்டேன் என்கிறான். "கவனித்துக் குறித்து வையுங்கள்" என்று பள்ளியின் ஆலோசகர் ஒரு தாள் கொடுத்தார். அடங்காதவன் என்று தெரிந்த பிறகு குறித்து என்ன ஆகப்போகிறது அம்மா?

அந்தத் தாளில் நெடுவாக்கில் மூன்று பத்தி இருக்கும் என்று நினைக்கிறேன்: முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பின்னால் என்ன நடந்தது. 'அடங்காதவன்' என்பதை ஒரு பத்தியிலும் எழுத இடம் கிடையாது. அதுதான் அதன் சௌகரியம். இப்படி இருக்கும்:

10.20. முன்: கரும்பலகையில் ஐந்து கணக்கு எழுதி, அவரவர் செய்யுங்கள் என்றேன். நடத்தை: எழுந்து பின்வரிசைக்குப் போய் ஒருவனின் பையைத் திறந்தான். பின்: பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், வகுப்பு சிரித்தது, வெளியே நிற்கச் சொன்னேன்.

இது மாதிரி ஒரு வாரம் எழுதுங்கள். பிறகு முதல் பத்தியை மட்டும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். எல்லாமே கணக்கு நேரம்தான் என்றால், வெளியே அனுப்புவது அவனுக்குத் தண்டனை இல்லை, கணக்கிலிருந்து விடுதலை. அடுத்து மூன்றாவது பத்தியை மட்டும் படியுங்கள். பாடம் எதுவானாலும் வகுப்பு சிரித்த சமயமெல்லாம் அவன் இன்னும் பெரிதாகச் செய்கிறான் என்றால் அவனுக்கு வேண்டியது அந்தச் சிரிப்பு. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. பிரையன் இவாட்டா குழுவினர் 1982-ல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சிந்தனைக்குப் பெரிய முட்டுக்கொடுத்தது. தங்களையே அடித்துக் காயப்படுத்திக்கொள்ளும் வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளை நான்கு விதமான சூழலில் வைத்துப் பார்த்தார்கள். அடித்துக்கொண்டதும் ஒருவர் கவனித்து ஆறுதல் சொல்வது ஒரு சூழல், கடினமான வேலை கொடுத்துவிட்டு, அடித்துக்கொண்டதும் அந்த வேலையை நிறுத்துவது இன்னொன்று, தனியே விடுவது, வெறுமனே விளையாட விடுவது மற்ற இரண்டு. வெளியே பார்க்க ஒரே நடத்தை. ஆனால் அது எந்தச் சூழலில் கூடுகிறது என்பது குழந்தைக்குக் குழந்தை மாறியது.

பட்டம் ஒட்டிய பிறகு கண் எப்படி வேலை செய்யும் என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். எலன் லாங்கரும் ராபர்ட் ஏபல்சனும் 1974-ல் ஒரு மனிதர் பேசும் ஒரே பதிவை மனநல நிபுணர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். சிலரிடம் அவர் வேலைக்கு விண்ணப்பித்தவர் என்றார்கள், சிலரிடம் நோயாளி என்றார்கள். ஆழ்மனப் பகுப்பாய்வு மரபில் பயின்றவர்களுக்கு, 'நோயாளி' என்று கேட்டதும் அதே மனிதர் ரொம்பவே பாதிக்கப்பட்டவராகத் தெரிந்தார். நடத்தைச் சிகிச்சை மரபில் பயின்றவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுது என்று அவர்களைப் பழக்கியிருந்தார்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், யாரும் புகார் சொல்லாத ஒரு மாணவனையும் அதே தாளில் அதே நேரம் குறியுங்கள். அவன் எத்தனை முறை எழுந்தான் என்று எண்ணிப் பார்த்தபின் எனக்கு எழுதுங்கள்.

சோதனை முறைதான் அறிவியல், வெறுமனே பார்ப்பதெல்லாம் வேடிக்கை என்கிறார் என் நண்பர். சரியா?

காரணம் என்னவென்று சொல்ல வேண்டுமானால் சோதனைதான் பலமானது. அதில் அவர் சொல்வது சரி. ஆபத்தில் கூட்டம் ஏன் சும்மா நிற்கிறது என்பதைத் தெருவில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தால் தெரியாது. பிப் லட்டானேயும் ஜான் டார்லியும் 1968-ல் ஓர் அறையில் ஆட்களை உட்கார வைத்துப் படிவம் நிரப்பச் சொன்னார்கள். சுவரிலிருந்து புகை வர ஆரம்பித்தது. தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். பக்கத்தில் இரண்டு பேர், அதாவது ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆட்கள், அசையாமல் எழுதிக்கொண்டிருந்தபோது பத்தில் ஒருவர்தான் போய்ச் சொன்னார். மற்றவர்கள் இருமிக்கொண்டும் புகையைக் கையால் விலக்கிக்கொண்டும் படிவத்தை நிரப்பினார்கள். அறையும் புகையும் ஒன்றே, மாறியது பக்கத்து ஆள் மட்டும். அதனால்தான் அது காரணம் என்று துணிந்து சொல்ல முடிகிறது.

ஆனால் எதைச் சோதிப்பது என்ற கேள்வி வேடிக்கை பார்த்தவர்களிடமிருந்துதான் வர வேண்டும். உங்கள் நண்பரிடம் இதைச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார், பரவாயில்லை.

அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு உலகத்துக்கே பொருந்துமா?

பொருந்தும் என்று எடுத்துக்கொண்டதுதான் துறையின் நெடுநாள் பழக்கம். ஜோசப் ஹென்ரிக்கும் அவருடைய சகாக்களும் 2010-ல் இதைப் பிடித்து உலுக்கினார்கள். கண்ணை ஏமாற்றும் அந்த அம்புக்குறிக் கோடுகள்கூட, அதுதான் ஒரே நீளமுள்ள இரண்டில் ஒன்று நீளமாகத் தெரியுமே, எல்லாச் சமூகத்தினரையும் ஒரே அளவுக்கு ஏமாற்றுவதில்லை. கலகாரிப் பாலைவனத்து வேட்டைச் சமூகத்தினர் கிட்டத்தட்ட ஏமாறவே இல்லை. அதே மாதிரி ஆட்களிடம் மறுபடி செய்தாலும் அதே முடிவு வருமா என்பது தனிக் கதை. 2015-ல் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது முன்னைப்போலவே தெளிவான முடிவு கிடைத்தது 36 சதவீதத்தில்தான்.

எல்லா இடத்திலும் கேமரா இருக்கிறது. கம்ப்யூட்டரே பார்த்துக் கணக்கிட்டுவிடுமே. இனி மனிதர் உட்கார்ந்து பார்க்க வேண்டுமா?

கேமரா பெரிய வரப்பிரசாதம். நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்க்கலாம். ஆனால் முகத்தின் தசையசைவுகளைக் குறிக்க பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் 1978-ல் வெளியிட்ட முறையில், பயிற்சி பெற்றவருக்கே ஒரு நிமிடப் பதிவைக் குறிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதைக் கம்ப்யூட்டர் வேகமாகச் செய்யும், மறுக்கவில்லை. புருவம் உயர்ந்தது என்று சொல்லும். ஏன் உயர்ந்தது என்றும் சேர்த்துச் சொல்லும் மென்பொருளை வாங்கும் முன், அதற்கு மாதிரி காட்டிப் பழக்கியவர்கள் யார், அவர்களுக்குள் கப்பா எவ்வளவு என்று விற்கிறவரிடம் கேளுங்கள்.

ஒருவருக்குத் தெரியாமல் அவரைக் கவனித்து எழுதுவது தப்பில்லையா?

இடத்தைப் பொறுத்தது. எல்லோரும் வந்துபோகும் பொது இடத்தில், யாரென்று அடையாளம் தெரியாமல், எத்தனை பேர் வரிசையில் நின்றார்கள் என்று எண்ணுவதைப் பெரும்பாலான நெறிமுறைக் குழுக்கள் அனுமதிக்கும். அதைத் தாண்டும்போது சிக்கல். ஒரு விசித்திரமான உதாரணம் சொல்கிறேன். பக்கத்தில் ஆள் நெருங்கி நின்றால் உடம்பு இறுகுமா என்று பார்க்க, 1976-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆண்கள் கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஓர் ஆய்வாளர் அடுத்த கதவுக்குள் உட்கார்ந்து, புத்தகக் குவியலில் ஒளித்து வைத்த பெரிஸ்கோப் வழியாகப் பார்த்து, சிறுநீர் வெளிவர எத்தனை விநாடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்சில் குறித்தார். மொத்தம் 60 பேர். தனியாக இருந்தால் 4.9 விநாடி. ஒட்டி நின்றால் 8.4. முடிவு சுத்தமாக இருக்கிறது. அடுத்த வருடமே கண்டனம் அச்சாகிவிட்டது. மாணவர்களிடம் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். "அந்த 60 பேரில் ஒருவர் உங்கள் அப்பா என்றால்?" என்று கேட்டதும் சிரிப்பு நிற்கும்.

இது பழங்காலத்து விவகாரம் என்று நினைக்க வேண்டாம். ஃபேஸ்புக் நிறுவனம் 2012-ல் ஒரு வாரம் 6,89,003 பேரின் பக்கத்தில் வரும் பதிவுகளின் உணர்ச்சிச் சாயலைக் கூட்டிக் குறைத்து, அவர்கள் எழுதுவது மாறுகிறதா என்று பார்த்தது. 2014-ல் ஆய்வு வெளியானபோது பெரிய சர்ச்சை ஆனது. யாரிடமும் தனியாகச் சம்மதம் கேட்கவில்லை, பயன்பாட்டு விதிகளை ஏற்றதே சம்மதம் என்றார்கள். எத்தனை பேர் அந்த விதிகளைப் படித்திருப்பார்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சம்மதம் கேட்டால் இயல்பு கெடும் என்றால் முடிந்தவுடன் சொல்லுங்கள், வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள். மாணவர்களுக்கு நான் வைத்திருந்த குறைந்தபட்ச விதி அதுதான்.

எனக்கு முதல் குழந்தை பிறந்திருக்கிறது. அதன் வளர்ச்சியை ஆய்வாளர்போல் குறித்து வைக்க ஆசை. எப்படி ஆரம்பிப்பது?

வாழ்த்துகள். உங்களுக்கு முன்னோடி சாதாரண ஆள் இல்லை, சார்லஸ் டார்வின். 1839-ல் பிறந்த தன் மூத்த மகனைப் பற்றி எழுதி வைத்த குறிப்புகளை 37 வருடம் கழித்து, 1877-ல், ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அதில் ஏழாம் நாள் குறிப்பைப் பாருங்கள்: குழந்தையின் வெறும் உள்ளங்காலை ஒரு காகிதத் துண்டால் தொட்டார், குழந்தை காலை வெடுக்கென்று இழுத்தது, விரல்களைச் சுருட்டியது. எந்த நாள், தான் என்ன செய்தார், குழந்தை என்ன செய்தது, எல்லாம் இருக்கிறது. ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே தன் மூன்று குழந்தைகளையும் இப்படித்தான் பார்த்தார். பொம்மையைத் துணியால் மூடினால் குழந்தை தேடுகிறதா என்ற அவருடைய சின்னச் சோதனைக்குச் செலவு ஒரு துணிதான். ஏழெட்டு மாதத்தில் நீங்களும் செய்து பார்க்கலாம். மூன்றே குழந்தைகள், அதுவும் சொந்தக் குழந்தைகள் என்று அவர் மேல் குறை சொன்னவர்கள் உண்டு. பிறகு வந்தவர்கள், அவர் சொன்ன வயதுக்கு முன்பே குழந்தைகளுக்குப் பல விஷயம் தெரிந்திருப்பதைக் குழந்தைகள் எதை எவ்வளவு நேரம் உற்றுப் பார்க்கின்றன என்று அளந்து காட்டினார்கள்.

வயதை 'நாலு மாசம்' என்று எழுதாமல் நாள் கணக்கில் எழுதுங்கள். நேரத்தையும், தூங்கி எழுந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையும் போடுங்கள். தூக்கக் கலக்கத்தில் செய்யாததை 'வரவில்லை' என்று எழுதிவிடக் கூடாது. செய்யாத நாட்களையும் எழுதுங்கள், முதல் தடவை சிரித்ததை மட்டும் எழுதினால் அது ஆல்பம். வாரத்தில் ஒரு நாள் உங்கள் மனைவியும் தனித்தாளில் குறிக்கட்டும், ஒப்பிடும்போது சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை. அந்த நோட்டை இணையத்தில் போட்டுவிடாதீர்கள். சம்மதம் கேட்க வேண்டிய ஆள் இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை.